நேற்று நல்லாக் கேட்ட பெட்டி இன்று ஏன் மங்கியது? இரண்டு சோடி ஸ்பீக்கர்களை வீட்டிலேயே ஒப்பிடும் முறை

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி. ஹட்டன் பக்கம் தோட்ட வீடு, 10 அடிக்கு 12 அடி காம்பரா, மேலே தகரம். 8 அங்குல வூஃபர் (அடித்தொனி பாடும் பெரிய கூம்பு) உள்ள பழைய ஜப்பான் ஸ்பீக்கர் பெட்டி ஒரு சோடி ஏற்கெனவே இருக்கிறது. கண்டிக் கடையொன்றிலிருந்து 5 அங்குல வூஃபர் உள்ள புதுச் சோடியை, பிடிக்காவிட்டால் ஒரு கிழமைக்குள் திருப்பித் தரலாம் என்ற பேச்சில் கொண்டுவந்திருக்கிறீர்கள். முதல் இரவு பழையது "உசிரோட" கேட்டது, அடுத்த இரவு புதியது தெளிவாக இருந்தது, மழை கொட்டிய மூன்றாம் இரவு மறுபடி பழையதுதான் என்று தோன்றியது. எது நல்லது என்று கேட்கிறீர்கள். உண்மையில் உங்களைக் குடைவது வேறு: ஒரே காது நாளுக்கொரு தீர்ப்பு ஏன் சொல்கிறது, மிச்சமுள்ள நான்கு நாளில் அதை ஒரு தீர்ப்பில் நிறுத்த என்ன வழி? எது நல்லது என்று தூரத்திலிருந்து யாரும் சொல்ல முடியாது. மற்றதற்கு வழி இருக்கிறது.

குழப்பத்தின் பெரும்பகுதி நீங்களே எழுதிய இரண்டு எண்களில் கிடக்கிறது. பழையதன் முதுகில் 90 டெசிபல், புதியதில் 86. ஒரு பெட்டிக்கு 2.83 வொல்ட் கொடுத்து 1 மீற்றர் தள்ளி நின்றால் எவ்வளவு சத்தம் என்பதுதான் அந்த எண். (8 ஓம் பெட்டிக்கு அது 1 வொட். 4 ஓம் பெட்டிக்கு அதே வொல்ட்டில் 2 வொட் போகிறது, ஆகவே 4 ஓம் பெட்டியின் எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.) 4 டெசிபல் குறைவை ஈடுகட்டப் புதியதுக்கு இரண்டரை மடங்கு வொட் வேண்டும். முதல் இரவு குமிழைத் தொடாமல் வயரை மட்டும் மாற்றினீர்கள், சத்தம் கூடியது வென்றது. இரண்டாம் இரவு "காதால் சமமாக்கி" கேட்டேன் என்கிறீர்கள். காதால் சமப்படுத்தும்போது 1, 2 டெசிபல் தாண்டிப்போவது சர்வசாதாரணம், பெரும்பாலும் புதுசுக்குச் சாதகமாக. இதில் ஏமாற்று எங்கே என்றால், 1 டெசிபல் கூடினால் காது அதைச் "சத்தம் கூட" என்று சொல்லாது. "தெளிவு", "உசிர்", "பாட்டு முன்னால வருது" என்று சொல்லும். அதோடு, மெல்லிய சத்தத்தில் அடித்தொனியை நம் காது குறைவாகவே பிடிக்கும் என்பதை 1933இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் இருவர் அளந்து காட்டிவிட்டார்கள். சத்தம் கூடிய பெட்டிக்கு இலவசமாக பேஸும் கிடைக்கிறது.

ஆகவே முதல் வேலை சத்தத்தைச் சமப்படுத்துவது, அதுவும் ஒரு நொடியில் மாற்றிக் கேட்கும்படி. வயரைக் கழற்றிப் பூட்ட இரண்டு நிமிடம் எடுத்தால் அந்த ஒப்பீடு போச்சு. ஓசையின் நுண்மையான நிறத்தைக் காது சில நொடிகளுக்கு மேல் பத்திரமாக வைத்திருப்பதில்லை. தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டாம், ஒரு லெப்டொப்பும் ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளும் போதும். ஒவ்வொரு சோடியிலிருந்தும் ஒரே ஒரு பெட்டியை எடுங்கள். அம்பிளிஃபயரின் இடது வழியில் பழையதையும் வலது வழியில் புதியதையும் பூட்டுங்கள். ஓடாசிட்டியில் பாட்டைத் திறந்து மோனோவாக மாற்றி, அந்தத் தடத்துக்கு (ட்ராக்) ஒரு பிரதி எடுங்கள். ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் தள்ளுங்கள். பாட்டு ஓடும்போது ஒரு தடத்தின் சோலோ பட்டனை அழுத்தினால் மற்றது வாய் மூடும். அவ்வளவுதான், கண் சிமிட்டும் நேரத்தில் பெட்டி மாறுகிறது. லெப்டொப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து வரும் வயரை அம்ப்பின் ஓக்ஸ் துளையில் குத்துங்கள், ரெக்கோர்ட் பிளேயருக்கான போனோ துளையில் வேண்டாம். அம்ப்பில் மோனோ சுவிட்ச் இருந்தால் அது ஸ்டீரியோவில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெட்டியும் சேர்ந்து பாடும். பேஸ், ட்ரெபிள், பெலன்ஸ் குமிழ்கள் நடுவில். மெல்லிய சத்தத்தில் பேஸை ஏற்றிக்காட்டும் லவுட்னஸ் பட்டன் கட்டாயம் அமுங்காமல் வெளியே நிற்க வேண்டும். பழைய அம்ப்களில் அந்தப் பட்டன் உள்ளே அமுங்கியபடி வருடக்கணக்காக மறந்து கிடப்பதுண்டு. லெப்டொப் தன்பாட்டில் பூசும் "ஒலி மேம்பாடு" எதையும் நிறுத்திவிடுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஆபத்து: இரண்டு சோடியையும் ஒரே முனையில் சேர்த்துக் கட்டிக் கேட்க வேண்டாம். 4 ஓம் பெட்டிகள் இரண்டு இப்படி ஒரே முனையில் சேர்ந்தால் அம்ப்புக்குத் தெரிவது 2 ஓம். பழைய அம்ப்கள் பல அதைத் தாங்காது.

அளப்பதற்கு அதே ஓடாசிட்டியில் பிங்க் நொய்ஸ் என்ற இரைச்சலை உருவாக்குங்கள், அளவு 0.1 அல்லது 0.2, அதற்கு மேல் வேண்டாம். அதை அப்படியே பாவித்தால் காம்பராவின் பேஸ் குழப்பும், போன் மைக்கும் அடித்தொனியில் நம்பத் தகாதது. 500 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும் 2000 ஹேர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கள். மனிதக் குரலின் வயிற்றுப்பகுதி அது, சமப்படுத்த ஏற்ற இடமும் அதுதான். தனிச் சுருதி ஒன்றை, அதாவது 1000 ஹேர்ட்ஸ் மட்டும் வைத்து அளக்காதீர்கள். போனை நாலு அங்குலம் நகர்த்தினால் எண் தாறுமாறாக மாறும். சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, நீங்கள் உட்காரும் கதிரையில் காது இருக்கும் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனை வையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம், கதிரையில் ஆளும் இருக்க வேண்டாம். ஒவ்வொரு பெட்டிக்கும் 10 நொடி ஓடவிட்டுச் சராசரியைப் பாருங்கள். சத்தம் கூடிய பெட்டியின் தடத்தை அதன் பக்கத்திலுள்ள ஸ்லைடரால் குறையுங்கள், குறைந்ததை ஏற்றாதீர்கள். ஏற்றினால் ஒலி உச்சத்தில் முட்டிக் கரகரக்கும். வித்தியாசம் அரை டெசிபலுக்குள் வந்தால் போதும். இரண்டு பெட்டியின் குணமே வேறாக இருக்கும்போது அதைவிட நுணுக்கமாகச் சமப்படுத்துவதில் அர்த்தமில்லை. போன் காட்டும் 72 உண்மையில் 72தானா என்பது பற்றிக் கவலை வேண்டாம். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம், அதைப் போன் ஒழுங்காகவே காட்டும். கதிரையில் 70 முதல் 75 வரை என்று வரும் சத்தத்தில் கேளுங்கள்.

பெட்டியை நிறுத்தும் விதம் அடுத்த பொறி. ட்வீட்டர் (மேல்தொனி பாடும் சின்னக் கூம்பு) காது உயரத்தில் இருக்க வேண்டும், இரண்டு பெட்டிக்கும் கதிரையிலிருந்து ஒரே தூரம், நூல் பிடித்தே அளங்கள். கீழே புளொக் கல் அடுக்கினால் நல்லது. காலியான பலகைப் பெட்டி, பழைய தேயிலைப் பெட்டி மேல் வைத்தால் அந்தப் பலகையும் சேர்ந்து பாடும். அப்புறம் "புதியதுல பேஸ் கூட" என்று எழுதுவீர்கள். பெட்டிக்குப் பின்னுள்ள சுவரிலிருந்து வூஃபரின் முகம் 2 அடி, இரண்டு பெட்டிக்கும் இடையில் ஒரு அடி, மூலையிலிருந்து இரண்டும் ஒரே தள்ளல். சுவரை ஒட்டினால் அடித்தொனி 6 டெசிபல் வரை ஏறலாம், மூலையில் இன்னும் கூடும். ஒன்று மூலையிலும் மற்றது நடுவிலும் நின்றால் நீங்கள் ஒப்பிடுவது மூலையைத்தான்.

புதியதோடு மோதவிடும் முன் பழைய சோடியின் இரண்டு பெட்டிகளையும் ஒன்றோடொன்று இதே முறையில் ஒப்பிடுங்கள். பலரும் தவறவிடும் இடம் இது. பழைய பெட்டிகளுக்குள் ஓசையைப் பிரித்து அனுப்பும் எலக்ட்ரோலிட்டிக் கபசிட்டர்கள் என்ற மின்பாகங்கள் காலத்தோடு குணம் மாறும், ட்வீட்டர் மங்கும், அதுவும் இரண்டு பெட்டியிலும் ஒரே அளவில் மங்காது. வூஃபர் விளிம்பு ஸ்பொஞ்ச் வகையாக இருந்தால் நம் ஈரத்துக்கு அது பிசுபிசுத்து, பிறகு பொடியாக உதிரும். டோர்ச் அடித்துச் சுற்றிப் பாருங்கள். கூம்பை நான்கு விரலால் நடுவைச் சுற்றிச் சமமாக, மெதுவாக அழுத்தினால் சத்தமில்லாமல் போய்வர வேண்டும், உரசும் ஒலி கேட்டால் உள்ளே சுருள் தட்டுகிறது. கடதாசிக் கூம்பில் பூஞ்சணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு பழைய பெட்டியும் ஒன்றுபோல் கேட்கவில்லையென்றால் பழையதுக்கு முதலில் வைத்தியம் வேண்டும். அந்த நிலையில் புதியதோடு வைப்பது காய்ச்சல்காரனை ஓட்டப்பந்தயத்தில் விடுவது மாதிரி.

இனிக் கண். பெரிய மரப்பெட்டியைப் பார்த்தாலே பேஸ் கேட்கும், புதுசைப் பார்த்தாலே தெளிவு கேட்கும். ஃப்ளொயிட் டூல், ஷோன் ஒலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஆட்கள் அதே பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டபோதும் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோதும் வேறு வேறு மதிப்பெண் கொடுத்தார்கள். பெரிய, விலைகூடிய பெட்டிகள் கண்ணால் சம்பாதித்த மதிப்பெண்ணைத் திரை பறித்துக்கொண்டது. பழக்கப்பட்ட காதுக்காரர்களும் இதில் தப்பவில்லை. ஆகவே திரை வேண்டும். கறுப்பு அல்லது கடும்நீல நுளம்பு வலையை இரண்டு மடிப்பாகப் பெட்டிகளுக்கு முன் தொங்கவிட்டு, பெட்டிப் பக்க விளக்கை அணைத்தால் போதும். வாயால் ஊதினால் காற்று தடையில்லாமல் போகும் துணி ஒலியையும் விடும். கண்ணைக் கட்டுவதும் சரிதான், காது மூடாமல் கட்டினால்.

திரை மட்டும் போதாது, ஒலி வரும் பக்கத்தை வைத்தே எது எது என்று தெரிந்துவிடும். அதனால் உதவிக்கு ஒருவர் வேண்டும். நீங்கள் இஸ்தோப்பில் நிற்கும்போது அவர் காசைச் சுண்டி, பூ விழுந்தால் பழையது இடப்பக்கம், தலை விழுந்தால் வலப்பக்கம் என்று வைத்துக் குறித்துக்கொள்ளட்டும். வயர் அந்தந்தப் பெட்டியோடேயே போக வேண்டும், அப்போதுதான் சமப்படுத்திய அளவும் கூடவே போகும். காசு இடத்தை மாற்றச் சொல்லாத தடவையிலும் பெட்டிகளைத் தூக்கி வைக்கும் சத்தம் எழுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாசலில் நின்றே கண்டுபிடிப்பீர்கள். பிறகு நீங்கள் உள்ளே வந்து "இடது", "வலது" என்று மட்டும் தீர்ப்பு எழுதுங்கள். பெட்டி இடம் மாறிமாறி நிற்பதால் இன்னொரு நன்மை, இடத்தின் குணமும் கழிந்துபோகும்.

எத்தனை தடவை? ஆறு தடவை இப்படிச் செய்து ஆறிலும் ஒரே பெட்டியைத் தெரிவு செய்தால், அது குருட்டாம்போக்கில் நடக்க நூற்றுக்கு மூன்று தடவை மட்டுமே வாய்ப்பு. அந்தத் தீர்ப்பை நம்பலாம். ஆறில் ஐந்து என்றால் நம்பாதீர்கள். குறைந்தது ஐந்து என்பது குருட்டாம்போக்கிலேயே நூற்றுக்கு இருபதுக்கு மேல் வரும். இன்னும் நான்கு சுற்று போய், பத்தில் குறைந்தது ஒன்பது ஒரே பெட்டியின் பக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு சுற்றில் ஐந்து பாட்டுக் கேட்டு ஐந்து வாக்காக எண்ணக் கூடாது, அந்தச் சுற்றுக்கு ஒரு வாக்குத்தான்.

என்ன போட்டுக் கேட்பது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு: முதலில் பேச்சு. வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் கனத்த ஆண்குரல், பின்னணி இசை இல்லாமல், 20 நொடி. பெட்டியின் குறைகளை இதுபோல் காட்டிக்கொடுப்பது வேறில்லை. டப்பாவுக்குள் இருந்து பேசுவது போலவா, மூக்கால் பேசுவது போலவா, நெஞ்சு மட்டும் வீங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். மனிதக் குரல் எப்படி இருக்கும் என்பது பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம், அளவுகோல் கையிலேயே இருக்கிறது. அடுத்தது பெண்குரல் பாட்டு ஒன்று. "ச", "ஸ" வரும் இடங்களில் சீறுகிறதா, அல்லது துணி போர்த்தியது போல் மழுங்குகிறதா? பிறகு தோல்கருவி. தோட்டத்தில் தப்பு நேரில் கேட்டு வளர்ந்தவருக்கு அது நல்ல உரைகல். குச்சி தோலில் படும் முதல் வெட்டும், அதன் பின் வரும் உடலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மெதுவான பெட்டியில் இரண்டும் ஒரு "தொப்" ஆகிவிடும். கடைசியாக நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த, நெரிசலான ஒரு துண்டு. தனி வயலினில் நல்ல பேர் எடுத்த பெட்டி இந்த நெரிசலில் கூச்சலாகிவிடலாம். ஒவ்வொன்றும் 15, 20 நொடித் துண்டு, திரும்பத் திரும்ப ஓடவிட்டு நடுவில் மாற்றுங்கள். "நல்லா இருக்கு" என்று எழுதாமல், கேட்டதை எழுதுங்கள்.

பேஸை இதோடு சேர்க்காதீர்கள், அது தனி விசாரணை. 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெட்டியைவிடக் காம்பராதான் அதிகம் பேசும். 12 அடி நீளம் என்றால் 47 ஹேர்ட்ஸ் பக்கமும், 10 அடி அகலத்துக்கு 56 பக்கமும் ஓசை சுவருக்குச் சுவர் நின்று வீங்கும். காம்பராவின் நடுவில் உட்கார்ந்தால் அந்தச் சுருதிகள் காணாமல் போகும், சுவரில் தலை சாய்த்தால் குடையும். உங்கள் முதுகுக்குப் பின்னுள்ள சுவரிலிருந்து 4 அடி முன்னால் கதிரையைப் போடுங்கள். ஓடாசிட்டியில் 30இலிருந்து 200 ஹேர்ட்ஸ் வரை 40 நொடியில் மெதுவாக ஏறும் ஒரு சுருதியை 0.1 அளவில் உருவாக்கி, ஒவ்வொரு பெட்டியையும் அது இறுதியாக நிற்கப்போகும் இடத்தில் வைத்து ஓடவிடுங்கள். இரண்டு பெட்டியிலும் ஒரே இடத்தில் வீங்கினால் அது காம்பராவின் குறை, எந்தப் பெட்டி வாங்கினாலும் போகாது. ஒன்றில் மட்டும் வேறு இடத்தில் வீங்கினால் பெட்டியின் குறை. இரண்டிலும் 140 ஹேர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்தால் பெட்டிக்கும் அதன் பின்னுள்ள சுவருக்கும் இடையிலான 2 அடி இடைவெளி காரணம், அரை அடி முன்பின் நகர்த்தினால் பள்ளமும் நகரும். இதே ஓட்டத்தில் தகரம், கண்ணாடி அலமாரி, சாமிப்படச் சட்டம் எது எந்தச் சுருதியில் கிடுகிடுக்கிறது என்பதும் தெரியும். அதையெல்லாம் பெட்டியின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

மலையகத்துக்கென்று சில விஷயங்கள். தகரத்தில் மழை விழும்போது ஒப்பிடவே வேண்டாம். அந்த இரைச்சல் மெல்லிய ஓசைகளையும் மேல்தொனியையும் மூடிவிடும், மிஞ்சுவது சத்தமும் பேஸும்தான். உங்கள் மூன்றாம் இரவில் பழையது வென்றதற்கு இதுவே போதுமான காரணம். காலை நேரத்தை எடுங்கள். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே இருப்பதால் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிடச் சுமார் எட்டில் ஒரு பங்கு குறைவு. அதே ஸ்பீக்கர் 1 டெசிபல் அளவு மெதுவாகக் கேட்கும், ஆனால் அது இரண்டு பெட்டிக்கும் பொது. உங்கள் காது விஷயம் வேறு. கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஏறிவந்த அன்று, காது அடைத்தபடி தீர்ப்பு எழுத வேண்டாம், தடிமன் பிடித்திருக்கும்போதும் வேண்டாம். மாலையில் கரண்ட் இறங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 100 வொல்ட் அம்ப்புக்காக 230 வொல்ட்டை 100 ஆக்கும் உங்கள் டிரான்ஸ்போமருக்கு 200 வந்தால் அம்ப்புக்கு 87தான் போகும், அதன் உச்ச வலு முக்கால் பங்காகும். ஆனால் இந்தச் சின்னக் காம்பராவில் 75 டெசிபலுக்குச் செலவாவது ஒரு வொட் கூட வராது. முழுச் சத்தத்தில் திருவிழா நடத்தினால்தான் அது பிரச்சினை.

இவ்வளவும் திடமாகச் சொல்லக்கூடியவை. சந்தேகத்தில் இருப்பவை: புது ஸ்பீக்கர் "பழக" நூறு மணிநேரம் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் சில மணிநேரத்தில் கூம்பின் பிடிமானம் கொஞ்சம் தளரும் என்பது அளக்கக்கூடிய விஷயம். அதற்குப் பிறகு மாறுவது பெரும்பாலும் கேட்பவரின் பழக்கம். குளிர் காலையில் 20 நிமிடம் பாடவிட்டுத் தொடங்குங்கள், அது போதும். திருப்பித் தரும் தவணை தாண்டும்வரை பழகச் சொல்வது யாருக்கு வசதி என்று நீங்களே யோசியுங்கள். வயரைப் பொறுத்தவரை 5 மீற்றருக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு தாராளம்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஒற்றைப் பெட்டியாகக் கேட்கும்போது குறைகள் நன்றாகத் தெரியும், ஆனால் சோடியாகப் பாடும்போது பாட்டின் மேடை கண்முன் எவ்வளவு விரிகிறது என்று தெரியாது. தீர்ப்பு வந்த பின் இரண்டு சோடியையும் ஸ்டீரியோவில் ஒரு மணிநேரம் கேட்டு, எதில் களைப்பு வருகிறது, எதில் சத்தத்தைக் குறைக்கத் தோன்றுகிறது என்று பாருங்கள். பிளஸ்ஸும் மைனஸும் இரண்டு பெட்டியிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும், ஒன்றில் மாறியிருந்தால் பேஸ் கரைந்து, குரல் நடுவில் நிற்காமல் அலையும். வீடு மாறினால் குரல் பற்றிய தீர்ப்பு பெரும்பாலும் உங்களோடு வரும், பேஸ் பற்றியது இந்தக் காம்பராவிலேயே தங்கிவிடும்.

பத்துச் சுற்றுக்குப் பிறகும் ஆறுக்கு நாலு என்று நின்றால் புதியதைத் தவணைக்குள் திருப்பிவிட்டு, பழையதன் கபசிட்டர்களை இரண்டு பெட்டியிலும் ஒன்றாக மாற்றுங்கள். ஒரு பெட்டியில் மட்டும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். மாற்றும்போது பழையதில் எழுதியிருக்கும் மைக்ரோஃபராட் எண்ணையே போடச் சொல்லுங்கள், வொல்ட் எண் கூடினால் பரவாயில்லை. துருவமில்லாத (பிளஸ், மைனஸ் பக்கம் இல்லாத) வகையே வேண்டும் என்பதையும் வேலை செய்பவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.